எதுவும் சேர்க்காத ஒயின்

தேநீரில் சர்க்கரை போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை, குடிக்கிறேன். எனக்கு எதிலும் எதையும் சேர்த்துப் பழக்கமில்லை, அதனால்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டு ஒயினும் அப்படித்தான். திராட்சையை மிதித்து, தோலும் விதையுமாகத் தாழியில் கொட்டுவோம். கொட்டகைத் தரைக்குள், வாய் மட்டும் வெளியே தெரியப் புதைத்த தாழிகள். வளர்ந்த ஆள் உள்ளே இறங்கி நின்றால் தலை தெரியாது. மூடிவிட்டுச் சும்மா இருப்போம். தலைநகர் திபிலிசியிலிருந்து பேருந்தில் வரும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு இதை எடுத்துச் சொல்வது என் வேலை. "நாங்க ஒண்ணும் சேர்க்கறதில்ல, ஒண்ணும் எடுக்கறதில்ல. திராட்சை அது பாட்டுக்கு ஒயினாகும்" என்பேன். பல வருஷமாக அதையே சொல்கிறேன். உண்மை என்பதால் ஒருநாளும் அலுத்ததில்லை.

கோச்சா என் ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. நான்தான் வளர்த்தேன். இருட்டென்றால் அப்படிப் பயப்படுவான். தூங்கும்வரை தலைமாட்டில் மெழுகுவத்தி எரிய வேண்டும். அவனுக்காகத்தான் அக்கா லமாரா கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. அவனைவிட எனக்கு யாரும் பெரிதில்லை. இதை நீங்கள் மறக்காமல் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் இரண்டு தாழி ஒயின் காடியாகிவிட்டது. அறுவடை நேரத்து மழை செய்த வேலை. நாம் என்ன செய்ய முடியும். வாங்கிப்போன வியாபாரி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினான். கோச்சாவுக்கு அதிலிருந்து முகமே சரியில்லை. இந்த அறுவடை முடிந்த கையோடு, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகப் பொடி வாங்கி வந்து அடுப்படி அலமாரியில் வைத்தான், உப்புக்குப் பக்கத்தில்.

"எல்லாரும் போடறாங்கக்கா. துளியூண்டுதான். உன் மூக்குக்கே தெரியாது."

"விருந்தாளிங்க கேட்டா நான் என்னடா சொல்றது?"

"எப்பவும் சொல்றதையே சொல்லு. மாதாகோயில் சுவத்துல இருக்கற புனிதர் பொய் சொன்னாலும் சொல்வார், நீ சொல்லமாட்டேன்னு நம்புவாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் எதையுமே சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் கிளம்பியதும் எல்லாத் தாழியிலும் போட்டுவிடுவதாக ஏற்பாடு. கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். மசியவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது, ஐயா. வந்திருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது.

தாழி கழுவுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வழக்கமாகக் கோடையிலேயே கழுவிவிடுவோம். ஆனால் விருந்தாளிகள் வருவது அக்டோபரில். அவர்கள் பார்க்கட்டும் என்று கோச்சா ஒரே ஒரு தாழியை மட்டும் கழுவாமல் மிச்சம் வைப்பான். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தாழிகளில் சாறு பொங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கிளம்பும் காற்று கனமானது. தரையோடு தரையாக வழிந்து, காலித் தாழிக்குள் போய்த் தேங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. அதில் மூச்சு விட முடியாது.

அதனால் ஆள் இறங்கும் முன் கயிற்றில் மெழுகுவத்தியைக் கட்டி உள்ளே விடுவோம். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால், விசிறி வீசி அந்தக் காற்றை வெளியேற்றும்வரை யாரும் காலை வைக்கமாட்டார்கள். இறங்கியவன் பாடிக்கொண்டே தேய்ப்பான். கீழ்க்குரல் அவனுக்கு, மேல்குரல் வெளியில் நிற்பவருக்கு. கீழ்க்குரல் நின்றால் அந்த நிமிஷமே இடுப்புக் கயிற்றை இழுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் மெழுகுவத்தியும் மேல்குரலும் கயிறும் என் பொறுப்பு. அவன் மீசை முளைக்காத காலத்திலிருந்து அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முற்றத்தில் விருந்தாளிகளுக்குச் சோளரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் கொட்டகையில் தனியாக மெழுகுவத்தியை இறக்கினேன். தாழியில் பாதிகூடப் போகவில்லை, அணைந்துவிட்டது. மேலே இழுத்தேன். மறுபடி ஏற்றினேன். அதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

கோச்சா என் கையைப் பார்த்தான். மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் அணைந்ததென்று சொல்லியிருப்பேன்.

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டே விருந்தாளிகளிடம் வேடிக்கை பேசினான். "கயிறு எங்க லமாராக்கா கையில இருக்கு. சரியாத் தேய்க்கலைன்னா வெளியவே விடமாட்டா, பாருங்க."

அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இறங்கினான்.

அறுவடைப் பாட்டை எடுத்தான். அவன் குரல் தாழிக்குள்ளிருந்து வரும்போது தரையே பாடுவது போலிருக்கும். முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாவது அடியில் வார்த்தைகள் குழறின. பிறகு தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு குரல் நின்றது.

நான் பாடிக்கொண்டிருந்தேன். தொடங்கிய பாட்டைப் பாதியில் விடுவது எங்கள் பக்கம் நல்லதில்லை. விருந்தாளிகளுக்குக் கீழ்க்குரல், மேல்குரல் என்ன தெரியும், பாவம். முடித்தபோது கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகு கயிற்றை இழுத்தேன். என்னால் தனியாக முடியவில்லை. இரண்டு பேர் ஓடி வந்து கைகொடுத்தார்கள்.

அன்றைக்கு நான் அழுததை ஊரே பார்த்தது. அது நடிப்பில்லை, ஐயா. இப்போதும் காலையில் எழுந்ததும் வாசலில் கிடக்கிற அவன் செருப்பை எடுத்து நேராக வைக்கிறேன். யார் அதைத் தட்டிவிடுகிறார்கள் என்று தெரியவில்லை, நாய்தானோ என்னவோ.

பொடி அலமாரியில் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வருஷத்து ஒயின் சுத்தமாக வந்திருக்கிறது. கோச்சா குடித்திருந்தால் அவனே ஒத்துக்கொண்டிருப்பான்.

அவனை நான் தள்ளிவிடவில்லை. கயிற்றை அறுக்கவில்லை. அவனாக இறங்கினான். நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை, சும்மா இருந்தேன்.

அப்படியென்றால் அணைந்த மெழுகுவத்தியை ஏன் மறுபடி ஏற்றினாய் என்று கேட்கிறீர்கள். இதில் என்ன இருக்கிறது. கோச்சா வரும் சத்தம் கேட்டது, ஏற்றினேன். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இருட்டென்றால் பயம்.