ரயிலில் வராத பதில்கள்

சிரிப்பீங்க மேடம். நான் சொல்லப் போறதக் கேட்டா வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பீங்க, அதுக்கு நான் கேரண்டி. ஆனா இப்ப சொல்லமாட்டேன். எடுத்த எடுப்புல சொல்லிட்டா என்ன சுவாரஸ்யம்? முதல்ல அந்தப் பேனாவ பைக்குள்ள வைங்க. இங்க பென்சில் மட்டும்தான். இதையே எத்தன பேருக்குத்தான் சொல்லித் தொலைக்கிறது... ஐயையோ, வாயத் தொறக்காதீங்க! சுவத்துல எழுதியிருக்கு பாருங்க, வாசிக்க வந்தவங்க பேசக் கூடாதாம். வேலை பாக்குறவங்க பேசலாமா கூடாதான்னு அதுல ஒண்ணும் போடல. அதனால நான் பேசுறேன்.

என் பேரு லோட்டி. ஊர்ப் பிள்ளைங்க பூரா ஏரியில குதிச்சுக்கிட்டு இருக்கு. நான் மட்டும் இந்தக் கோடை லீவு முழுக்க, தொழிலாளர் சங்கத்து மாடியில, என்னைக்கோ செத்துப்போன சங்கத் தலைவரு தோழர் வீடெமனுக்கு வந்த கடிதாசிக்குக் காவல். என்ன குத்தம் பண்ணேன்னு பாக்குறீங்க. ஒண்ணும் இல்ல மேடம்! எங்க ஹெட்மாஸ்டர் க்ராஃப் இருக்காரே, தொண்டைக்குள்ள சரளைக்கல்லு உருளுற மாதிரி பேசுவாரு. பள்ளிக்கூடத்து மைக் சும்மா கிடந்துச்சு. "ஹ்ர்ரும்... மாணவர்களே... கொதிகலன் பழுது... ஹ்ர்ரும்... அனைவரும் வீடு செல்லலாம்." அவ்வளவுதான் நான் சொன்னது. கணக்கு வாத்தியாருதான் முதல் ஆளா கோட்ட மாட்டிக்கிட்டு ஓடுனாரு! அவர யாரும் ஒண்ணும் கேக்கல. எனக்கு மட்டும் தண்டனை.

சரி, அது கிடக்கட்டும். அந்தச் சிரிப்பு இது இல்ல. இது சும்மா.

இங்க மேலதிகாரி மிஸ்டர் ப்ரெல். நீங்க பாத்திருக்கணும் அவர. மூக்காலயே பேசுவாரு, அதுவும் அச்சடிச்ச மாதிரி. "குழந்தாய்! தோழர் வீடெமனுக்கு வந்த கடிதத்தை ரொட்டித் துண்டைப் போலப் பிடிக்காதே. உள்ளங்கையில் ஏந்து. ஏந்து!" ஒரு தாள மடிச்சு வெச்சதுக்கு எனக்கு என்ன பேச்சு, என்ன பேச்சு! நான் என்ன அதுல சாசேஜையா சுத்துனேன்?

ஆனா ஒண்ணு மேடம், கடிதாசிங்க படு ஜோரு. இந்தக் கடிதாசிக் கட்டப் பாருங்க. கான்சாஸ்லேர்ந்து ஒரு அம்மா: "தோழரே, என் வீட்டுக்காரரு தெனமும் கூட்டம் கூட்டம்னு போயிடுறாரு. புரட்சி வந்துடும், அப்புறம் கூரைய மாத்திக்கலாம்ங்கிறாரு. எப்ப வருதுன்னு ஒரு தேதி சொல்லுங்க. மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?" எப்படி! அப்புறம் இந்தச் சுரங்கத்து ஆளு, இருமிக்கிட்டேதான் எழுதியிருப்பாரு: "எங்க கோவேறு கழுதைக்கு... க்ஹம்... உங்க பேர வெச்சிருக்கோம் தோழரே, கோவிச்சுக்காதீங்க. முதலாளி வந்து இழுத்தா... க்ஹம்... அது ஒரு அடி நகராது."

நீங்க சிரிக்கலாம், சிரிக்கிறது பேச்சுல சேராது.

இப்ப என் வயித்தெரிச்சலக் கேளுங்க. அவரு என்ன பதில் போட்டாரு? அந்தம்மா கூரைய மாத்துனாங்களா இல்லையா? ப்ரெல்ல கேட்டேன். மூக்க ஒரு உறிஞ்சு உறிஞ்சுனாரு. "பதில்கள் நம்மிடம் இல்லை, குழந்தாய்." இல்லயாம் மேடம்! இங்க இருக்குறது அத்தனையும் கேள்வி! ஒவ்வொருத்தருக்கும் அவரு பதில் போட்டிருக்காரு, ஒவ்வொண்ணுக்கும் நகல் வெச்சிருக்காரு. அதெல்லாம் ஒரு பெட்டியில, பெட்டி சின்சினாட்டியில, அவரு தம்பி மக மிஸ் ஓட்டிலி வீடெமன் கட்டிலுக்கு அடியில. ப்ரெல் வருஷக்கணக்கா கெஞ்சுறாரு. அந்தம்மா மாசம் தவறாம போன் பண்ணி இன்னும் யோசிக்கிறேன்ங்கும். போன எடுக்குறது நான்தான. ராத்திரி படுத்தா அந்தக் கூரை ஒழுகுற சத்தம் எனக்குக் கேக்குது, மேடம். அந்தப் பெட்டிய மட்டும் ஒரு தடவ தொறந்து பாத்துட்டேன்னா போதும்.

அந்த மிஸ் ஓட்டிலி குரல் இருக்கே! ஒவ்வொரு வார்த்தையையும் மிட்டாய் மாதிரி இழுத்து, சப்பி, கடைசியிலதான் முழுங்கும். "ப்ரெ...ல்ல்ல்? நான் இன்னும்ம்ம் யோசிக்கி...றேன். பெரியப்பாவோட எழுத்த்த்து... அத மூக்கால வாசிக்கிற ஆளுகிட்ட எப்ப்ப்படி..." எப்படி இருக்கு? அசல் மாதிரியே இல்ல? நீங்க கைக்குட்டைய வாய்ல வெச்சுக்கிட்டீங்க, பாத்தீங்களா! ஊர்ல எல்லாரும் இப்படித்தான் அடக்குவாங்க. அடக்காதீங்க.

இப்ப வருது அந்தச் சிரிப்பு. நாற்காலிய நல்லாப் பிடிச்சுக்கங்க.

முந்தாநாளு என்ன பண்ணேன், மருந்துக் கடை போன்லேர்ந்து இங்க ஒரு போன் போட்டேன். அதே குரல்ல. "ப்ரெ...ல்ல்ல்? முடிவு பண்ணிட்டேன். பெட்டியோட வர்ர்ரேன். வியாழக்கிழம மத்தியான ரயில்ல்ல." ப்ரெல்லேதான் எடுத்தாரு, மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. மனுஷன் அழுதுட்டாருன்னு நெனைக்கிறேன். அப்புறம் பாக்கணுமே கூத்த! பூவுக்குச் சொல்லியாச்சு. பீர் ஆலைத் தொழிலாளர் பேண்டு, அது முழுக்க, சங்கத்துல ஓட்டெடுத்து முடிவு பண்ணிக் கூப்பிட்டாச்சு. பேண்டு மாஸ்டர் வந்து வயித்தத் தட்டிட்டுக் கேக்குறாரு, "அந்தம்மாவுக்கு சோகப் பாட்டா, துள்ளல் பாட்டா?" அதுக்கும் ஒரு ஓட்டு! இன்னைக்குத்தான வியாழன், இந்நேரம் எல்லாரும் ஸ்டேஷன்ல நிப்பாங்க. ரயில் வரும், பேண்டு முழங்கும், ப்ரெல் பூவ நீட்டுவாரு... இறங்குறது ஒரு பால் கேனு! ஹஹ்ஹா! திரும்பி வரும்போது அந்த மூக்கு எப்படி இருக்கும்!

பிசகே கிடையாது மேடம். ப்ரெல்லுக்கு ஒரு துளி சந்தேகம் வரல. நேத்து சாயங்காலம்கூட கையத் தேய்ச்சுக்கிட்டு வந்தாரு. "குழந்தாய், மிஸ் வீடெமனுக்கு உடனே தந்தி கொடுத்துவிட்டேன், தொலைபேசியில் தங்கள் குரல் கேட்டு மகிழ்ந்தோம், வரவேற்பு ஏற்பாடாகிவிட்டது என்று." பாத்தீங்களா, தந்தியே குடுத்திருக்காரு மனுஷன்! தந்தி...

தந்தி குடுத்தாரு. சின்சினாட்டிக்கு.

அப்போ... அது நிஜ அம்மாவுக்குல்ல போயிருக்கும்? பிரிச்சுப் பாத்திருப்பாங்க. "நான் எப்போ வர்றேன்னு சொன்னேன்?"னு நெனைச்சிருப்பாங்க. நம்ம குரல்ல எவளோ பேசியிருக்கான்னு... யாருன்னு பாக்கணும்னு தோணும்ல? எனக்கா இருந்தா தோணும். ரயில்ல வரமாட்டாங்க, அங்கதான் பேண்டு நிக்குதே. பஸ்ல வந்து... நேரா இங்க ஏறி... பேசாம உக்காந்து...

மேடம்.

நீங்க கடிதாசி ஒண்ணுமே எடுத்துக் குடுக்கச் சொல்லலியே? பேரு, ஊரு ஒண்ணும் நான் கேக்கலியே?

...இல்ல மேடம், பேசலாம். தாராளமாப் பேசலாம்.

...ஐயோ. அதே இழுப்பு.

மேடம், நான் இழுத்தது கொஞ்சம் ஜாஸ்திதான், இந்த அளவுக்கு எல்லாம் உங்களுக்கு... என்னது? பெட்டியா? பஸ் ஸ்டாண்டுலயா? நிஜமாவே கொண்டாந்திருக்கீங்களா! அப்ப அந்தக் கூரை... தேதி சொன்னாரா? என்ன தேதி? சொல்லுங்க மேடம், கால்ல விழுறேன்!

...அதுக்கு முன்னாடியா? ப்ரெல்கிட்ட நடந்தத முழுசாச் சொல்லணுமா? சொன்னாத்தான் பெட்டியா? படியில சத்தம் கேக்குது, அவருதான். சரி, சொல்றேன். ஹெட்மாஸ்டர் குரல்ல சொல்லட்டுமா, கொஞ்சம் மரியாதையா இருக்கும்? ஹ்ர்ரும்... வேண்டாமா? பின்ன யாரு குரல்ல?

...எதுல? என்னோடதுலயா?