நூற்றுப் பதினேழாம் கதவு

— கதவு பளபளன்னு இருக்கு பெயிண்டரே. நம்பர் எங்கே?

— எந்த நம்பர் சார்?

— போன மாசம் கறுப்புல போட்டோமே, நூத்திப் பதினேழு. அது பக்கத்துல நீ நிக்கணும், நான் படம் எடுக்கணும். அப்பத்தான் உனக்கு மாற்று வீடு.

— ஐயையோ! படம் எடுக்க வர்றோம்னு நீங்க சொன்னதாலதான் சார், வேலையில மிஞ்சின நீலத்தை ஒரு கோட்டிங் விட்டேன். கிறுக்கின கதவு முன்னாடி நான் நின்னா என் தொழிலுக்கே அசிங்கமில்லையா?

— வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். நான் வேலைக்குப் போன நேரமாப் பாத்து அடிச்சு முடிச்சிட்டாரு இந்த மனுஷன்.

— நீ சும்மா இரு. சார், இந்தப் பக்கத்து வீடு நூத்திப் பதினாறு. அந்தப் பக்கம் நூத்திப் பதினெட்டு. நடுவுல இருக்கிறது என்னவாம்?

— எனக்கும் எண்ணத் தெரியும்யா. படத்துல தெரியணும். படத்துல நம்பர் இல்லேன்னா பட்டியல்ல ஆள் இல்லை. விதி அப்படி.

— பிரஷ் இருக்கு சார், இப்பவே எழுதிடறேன். உங்க ஆளு கோணலா எழுதியிருந்தான், நான் நேரா எழுதறேன்.

— நீ எழுதினா போலி.

— அப்ப நீங்க எழுதுங்க.

— நான் எழுதினா முறைகேடு. சாயங்காலம் பட்டியலை மூடறாங்க. ஒண்ணாந்தேதி மெஷின் வருது. பட்டியல்ல இருந்தாலும் இல்லேன்னாலும் இந்தச் சுவரு இடியும்.

— அந்த மாற்று வீடே ரெண்டு பஸ்ஸு மாறிப் போற இடம் சார். நான் பாத்திரம் தேய்க்கிற வீடு நாலும் இங்க இருக்கு. அங்க போனா வேலை போகும், போகலேன்னா தெரு. சரி, கூரையாவது மிஞ்சட்டும்னு பாத்தேன். அது மேலயும் பெயிண்ட் அடிச்சாச்சு.

— உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சியா பெயிண்டரே, இல்ல நேரா மேலயே அடிச்சியா?

— சொந்த வீட்டுக்கு எவன் சார் தேய்ப்பான்? மேலயே அடிச்சதுதான்.

— அப்ப நம்பர் அடியிலதான் இருக்கும். மெல்லச் சுரண்டு. உன் சோம்பேறித்தனமே உன்னைக் காப்பாத்திடும் போல.

— அந்தப் பட்டித் தகடை எடுடி.

— இந்தாங்க. நிதானமா. மேல மட்டும்.

— எனக்கே சொல்லித் தர்றியா? இருபது வருஷக் கை இது. பாருங்க சார், நீலம் செதில் செதிலா உரியுது.

— ஆமா, ஏதோ தெரியுது. ஒண்ணு... அப்புறம் ஒன்பது. பத்தொன்பதா? இந்தத் தெருவே நூறுக்கு மேலதானே ஆரம்பிக்குது?

— இது சிவப்பால்ல இருக்கு சார்.

— நாங்க போட்ட கறுப்பு எங்கய்யா?

— நீலத்தோட ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு சார். தோ, உங்க செருப்புக்குக் கீழ தூளாக் கிடக்கு.

— அப்ப இந்தச் சிவப்பு யாரு போட்டது?

— உங்க ஆபீசுதான் சார். எங்க மாமனாருக்கு வீடு தர்றோம்னு சொல்லி, இது பக்கத்துல எங்களையும் நிக்க வெச்சுப் படம் எடுத்தாங்க. தேடிப் பாருங்க, அதுல நான் புதுப்பொண்ணா இருப்பேன்.