இன்னும் ஒரு இழுப்பு

சாலமன்: இன்னும் ஒரு இழுப்பா? சாப்பாட்டு நேரமே முடியப் போவுது. அரத்தைக் கீழ வைப்பா அப்பாதுரை.

அப்பாதுரை: நீ சொல்லுவ. உன் டெஸ்ட் பீசைக் குடுத்துட்ட இல்ல.

சாலமன்: நீயும் குடு. சாயங்காலம் சங்கு ஊதிட்டா மேஸ்திரி வேலை அடுத்த வருஷந்தான்.

அப்பாதுரை: இத பாரு. இரும்புக் கட்டைய தகட்டு ஓட்டைல சொருகி ஜன்னலுக்கு நேரா புடிக்கிறேன். மூலைல இடுக்கு வழியா வெளிச்சம் தெரியுதா?

சாலமன்: எங்க? ஒண்ணும் தெரியலியே.

அப்பாதுரை: எனக்குத் தெரியுது.

சாலமன்: தேய்ச்சிகினே இருந்தா லூசாப் பூடும். மறுபடி புது இரும்பு கேப்ப. போன வருஷமும் இப்படித்தான்... ரங்கா மேஸ்திரி ஆயிட்டான்.

அப்பாதுரை: ரங்கா செஞ்சதுல எலி பூந்து போவலாம்.

சாலமன்: பூந்துதோ இல்லியோ, அவன்தானே மேஸ்திரி.

அப்பாதுரை: நகரு, வெளிச்சத்த மறைக்காத.

சாலமன்: தூக்கத்துல கட்டிலைத் தேய்க்கிறியாமே. உன் பொண்டாட்டி சரசு அழுவுதுன்னு என் வீட்ல சொன்னா.

அப்பாதுரை: அல்சூர் தெரு பூரா சொல்லிகினு கீறாளா... நல்ல தூக்கமே வர்ல சாலமன். கண்ண மூடினா மூலைதான் தெரியுது. குடுத்துட்டா, இவன் கை இவ்ளோதான்னு ஆயிடுமில்ல?

சாலமன்: குடுக்கலைன்னா?

அப்பாதுரை: யாருக்கும் தெரியாது.

சாலமன்: நல்லா கீது நாயம்.

அப்பாதுரை: காலைல ஃபோர்மேன் சேஷகிரி ரூம் பக்கம் போனேன். கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு பீசை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிகினு, 'சென்னாகிதே, சென்னாகிதே'ன்னு கன்னடத்துல மெச்சிகினு இஞ்சினீயருக்குக் காட்றாரு. வெள்ளைக்காரன் இருந்தப்போ கூட யாரு வேலையையும் இப்படிப் பாத்ததில்ல. அது... உன்னுதுதானே?

சாலமன்: என்னுதா இருந்தா உனக்கு இன்னா?

அப்பாதுரை: வயிறு எரியுது. நீ கோலார்லருந்து வந்தப்போ உனக்கு அரம் புடிக்கக் காட்டினதே நான். இன்னிக்கி உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல.

சாலமன்: பாத்துகினுதானே கீற.

அப்பாதுரை: ஒரே மேசைல பக்கத்து வைஸ் ஆச்சே, எங்க போறது?

சாலமன்: அந்த பீஸ்ல... குறையே தெரியலியா உனக்கு?

அப்பாதுரை: தேடினேன். கெடைக்கல. போதுமா? இன்னாத்துக்கு சிரிக்கிற?

சாலமன்: சிரிக்கலப்பா. அது உன்னுது. முந்தாநாள் தேறாதுன்னு ஸ்கிராப் பெட்டில வீசினியே, அதுதான்.

அப்பாதுரை: நீ எடுத்து... உன் பேர்ல குடுத்துட்டியா?

சாலமன்: அதுக்குத்தான் எடுத்தேன். என் டோக்கன் நம்பரைக் குத்த பன்ச்சு கூட அது மேல வெச்சிட்டேன். நீ வேணான்னு வீசறது மாதிரி ஒண்ணு எனக்கு ஜென்மத்துல வராது, அந்த எரிச்சல் எனக்கு நேத்து இன்னிக்கு வந்ததில்ல... அப்புறம் உன் நம்பரையே குத்திக் குடுத்துட்டேன். என்னுதை அந்த ஃபோர்மேன் கையில கூட எடுக்கல.