நனைக்காத கட்டுத்துணி

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் மேடம். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு இது ஆகாது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நர்ஸ் வேலை பார்த்த வாய், சும்மா இருக்காது.

என் பெயர் கிளாடிஸ். ஆஸ்பத்திரியிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு எங்கள் சபையின் தெரு மருத்துவச் சேவையில் சேர்ந்தேன். உக்கடம் மேம்பாலத்தடியில் வீடில்லாமல் படுத்திருப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப்போடுவது என் பொறுப்பு. மற்றவர்களும் சேவை செய்தார்கள். ஒருவர் ஜெபித்தார், ஒருவர் போட்டோ எடுத்தார், மீதிப்பேர் போட்டோவில் நின்றார்கள். சீழை மட்டும் பெருந்தன்மையோடு எனக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

நோயாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தம்பிதுரை என்று ஒருவர், புழு வைத்த கையோடு கிடந்தார். ஆற்றி அனுப்பினேன். பிறகு டவுன்ஹால் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வாட்ச்மேனாக நின்றவர், என்னைப் பார்த்து, "ஓரமா நில்லுங்கம்மா, வண்டி வருது" என்றார். யாரென்றே தெரியவில்லை அவருக்கு. வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் அழுதேன்.

செங்கோடன் அப்படியில்லை. காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கியவர், குடித்துக் குடும்பத்தை விட்டு வந்தவர். குடி நின்றிருந்தது. சர்க்கரை நோயும் வலது காலில் ஒரு குழிப்புண்ணும்தான் மிச்சம். என் ஸ்கூட்டர் தூரத்தில் தெரிந்ததுமே எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடுவார். "நீங்க இல்லீன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பனுங் அம்மணி" என்பார். என் வீட்டில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஒரே ஒரு குறை. மகள் புவனா எப்படியோ தேடிக் கண்டுபிடித்து, ஊருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருந்தாள்.

"நாத்தம் புடிச்ச காலோட மாப்பிள்ளை ஊட்டு வாசப்படி ஏற மாட்டனுங்க. புண்ணு ஆறட்டும், அடுத்த பஸ்ஸுல போயிருவனுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். என்னிடமே சொன்னார், பாருங்கள்.

பழைய கட்டைப் பிரிக்குமுன் சலைன் ஊற்றி நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியில் ஒட்டிய புதுச்சதையும் பிய்ந்துகொண்டு வரும். நர்சிங் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். நான் மறக்கவில்லை. நனைக்கவில்லை, அவ்வளவுதான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிச்சாத்தானுங்க ஆறும்" என்று எனக்கு ஆறுதல் சொல்வார். நான் குனிந்து ஊதிவிடுவேன். எங்களுக்குள் இருந்த அன்பு உங்கள் சட்டப் புத்தகத்துக்குப் புரியாது.

நடுவில் அக்காள் மகள் கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் போய்ச் சில நாள் தங்கினேன். எனக்குப் பதிலாக ஜெபராணி என்ற புது நர்ஸை அனுப்பினார்கள். படித்ததை அப்படியே செய்கிற ரகம். திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால், குழி தூர்ந்து, ஓரங்கள் ஒன்றுசேர ஆரம்பித்திருந்தன. புவனா வாங்கித்தந்த புது வேட்டியைச் செங்கோடன் எடுத்துக் காட்டினார். "அந்தப் புள்ளைக்குக் கை ராசிங்க" என்று பாராட்டு வேறு.

அதன்பிறகு கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். நாள் கடத்திக் கட்டுப் பிரித்தேன். காய்ச்சல் வந்தபோது, ஆஸ்பத்திரி எதற்கு, நான் இருக்கிறேனே என்றேன். நம்பினார். "நான் பாத்தப்ப ஆறிட்டுத்தானுங்க இருந்துச்சு, அக்கா" என்று என்னிடம் சொன்னவள் ஜெபராணி. கால் கறுத்த பிறகு ஆம்புலன்ஸை அழைத்தவளும் அவள், உங்களிடம் வந்தவளும் அவள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆமாம் மேடம், நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். ஆறியிருந்தால் அவர் மகளிடம் போயிருப்பார்.

நீங்கள் வார்டுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களாம். "அந்தம்மா என் கண்ணுல படவே கூடாதுங்க" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாராம். ஆபரேஷன் முடிந்தவர்கள் மருந்து வேகத்தில் என்னென்னவோ பேசுவார்கள். அதையெல்லாம் நீங்கள் பெரிதுபடுத்தக் கூடாது. தையல் பிரிக்கிற அன்றைக்கு மட்டும் என்னை அங்கே அனுப்பிவையுங்கள். வேறு யாராவது தொட்டால் அவர் பயந்துவிடுவார்.