காய்ந்து செத்த குஞ்சுகள்

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ். கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில், பக்கமெல்லாம் துளை போட்ட வெறும் அட்டைப்பெட்டி. பின் சீட்டில் இருந்த எனக்குக் காதை மூடிக்கொள்ளவா முடியும்?

“தோட்டத்து லய வீட்டுல ஒரு வாரமா துணி காயல. கோழிக்குஞ்சுங்க மட்டும் காஞ்சு செத்துருச்சு, தங்கச்சி.”

“குஞ்சு பொரிக்கிற மெஷினுக்குத் தண்ணி ஊத்தலையாக்கா?”

“ஊத்தாமலா? தட்டு நெறைய ஊத்துனேன். ஓடு ஒடைய ஆரம்பிச்சா மூடியத் தொறக்காதீங்க, ஈரமெல்லாம் போயிரும்னு வித்தவரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.”

“பொறகு ஏன் தொறந்தீங்க?”

“குவைத்துலருந்து மக வீடியோ கோல்ல வந்தா. மெஷினே அவ சம்பளத்துல வாங்குனது. ஒரு முட்டையில மூக்கு தெரிஞ்சிச்சு. கிட்டக் காட்டுங்கம்மான்னா. அன்னைக்குத்தான் அவ அழாம பேசினா. மூடியத் தொறந்து போட்டுட்டு ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். முட்டைக்குள்ள இருக்க தோலு காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கிச்சு. ஒண்ணாலயும் வெளிய வர முடியல.”



“அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“எல்லாம் பொரிச்சு நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். இன்னைக்குப் பொழுதுபட கோல் எடுப்பா. குஞ்சுங்களக் காட்டணுமாம்.”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. வெறும் பெட்டி சரியாமல் இளையவர் பிடித்துக்கொண்டார்.

“அவ பாத்த குஞ்சுக்கு மூக்கு என்ன நெறம்க்கா?”

“கறுப்பு.”

“அப்ப கறுப்பு மூக்குல ஒண்ணு தேடி வாங்குவோம்.”