நாற்பது கணினிகளுக்கு ஒரு வாசல்

பதினொன்றரைக்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிடும் ஒஸ்லோ வழக்கம் இருபது வருடமாகியும் எனக்கு ஒத்துவரவில்லை. அதனால் எல்லோரும் சாப்பிடப் போனதும் அலுவலகத்தில் தனியாக இருப்பேன். நீங்கள் கேட்பதும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

எங்கள் நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் என்ற பெரிய மையக் கணினி ஒரே பெட்டி. அதற்குள் மென்பொருளால் பிரித்த நாற்பது மெய்நிகர் கணினிகள் ஓடின. ஒன்றின் இணைப்பு அறுந்தால் உள்ளே போக வழியில்லாமல் தவிப்போம். 2009இல் நாற்பதுக்கும் பொதுவாக ஒரு டெர்மினல் சேர்வர் அமைத்தேன். எது விழுந்தாலும் அதன் வழியே உள்ளே போகலாம். யார் போனார், என்ன தட்டினார் என்பதை அது அப்படியே பதிவுசெய்யும். ஐந்து மாத உழைப்பு.

லோறன்ஸ் என்பவனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் நான்தான். ஸ்தவாங்கர் நகரில் வேலை போய் ஒஸ்லோ வந்தவனை, இங்கே பியோர்ண்டாலில் என் வீட்டில் எட்டு மாதம் வைத்திருந்தேன். அவனோ அந்தச் சேர்வரைத் தன் வேலையென்று மேலிடத்தில் காட்டித் தலைமைப் பதவியை வாங்கிக்கொண்டான்.

"அண்ணை, உங்கடை நொர்ஸ்க் பாஷை அவையளுக்கு விளங்காது. அதுதான் நான் கதைச்சனான்" என்றான்.

நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாப்பிடத் தனியாக வெளியே போகும்போது அவன் தன் கணினியைப் பூட்டுவதில்லை. "அண்ணை இருக்கிறார்தானே" என்பான். மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கதிரையில் உட்கார்ந்து, அவன் பெயரில், அந்தச் சேர்வர் வழியே நாற்பதில் ஒரேயொரு கணினியை நிறுத்தினேன். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் போட்டிருக்கும் அவசரப் பொத்தான்களின் அழைப்புகளைப் பெறும் கணினி அது. தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன். சின்னக் கோளாறுக்கெல்லாம் இங்கே யாரையும் வேலையிலிருந்து நீக்கமாட்டார்கள்.

எட்வேட் என்ற பெரியவர் அந்த நேரத்தில் குளியலறையில் விழுந்து பொத்தானைப் பதினொரு தடவை அழுத்தியதாக அவருடைய கருவி காட்டியதாம். பத்து நிமிடத்திலேயே நான் கணினியைத் திரும்ப இயக்கியிருக்கலாம். ஆனால் லோறன்ஸ் வந்து அதைக் கண்டு பதறவேண்டும் என்று காத்திருந்தேன்.

பொலிஸ்காரர் நீங்கள் முதலில் அவனைப் பிடித்து, சேர்வரின் பதிவை ஓட்டிக் காட்டினீர்கள். எந்தக் கட்டளைக்கு முன்பும் அவன் கணினிகளின் பட்டியலை ஒருமுறை திறந்து பார்ப்பான். எனக்கு நாற்பதின் பெயர்களும் மனப்பாடம். பதிவில் பட்டியல் திறக்கப்படவேயில்லை. அதைப் பார்த்ததும், "இது அண்ணையின்ரை கை" என்று உங்களிடம் சொல்லிவிட்டான்.

ஆம், நிறுத்தியது நான்தான். எட்வேட் இறந்தது வருத்தம்தான். ஆனால் அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. லோறன்ஸ் என் வீட்டில் சாப்பிட்டவன். அவன் எனக்குத் துரோகம் செய்தது இது இரண்டாவது தடவை, தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.