பெல்ட்டை நிறுத்தும் செய்தி

ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இளைஞர்கள்.

“நேத்து சாயங்காலம் ஃபேக்டரி கன்வேயர் பெல்ட்டை நிறுத்தச் சொல்லி நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்லேர்ந்து மெசேஜ் அனுப்பினேன். ‘அனுப்பியாச்சு’ன்னு வந்துச்சு. புரோகிராமை மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”

“உடனே மூடிட்டியா? மெசேஜ் அனுப்பற சாஃப்ட்வேர் லைப்ரரி அதை வாங்கி முதல்ல க்யூவுலதான் வெக்கும் குரு. சாக்கெட் வழியா நெட்வொர்க்குக்குப் போறதுக்குள்ள மூடினா மெசேஜ் காலி.”

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“அப்போ பெல்ட்டு?”

“சும்மா ஓடிட்டிருக்கு.”

“போன் பண்றதுதானே?”

“லீவு. ஃபேக்டரி ஆபீஸ்ல யாரும் எடுக்கல. வாட்ச்மேன் கேட்டுல இருப்பாரு. நேர்ல போய்ச் சொல்லிடறேன்.”

அடுத்தவன் அவன் பக்கம் திரும்பினான்.

“சொல்லிட்டு உடனே பஸ் ஏறிடாத. நிறுத்தறாரான்னு நின்னு பாரு.”